முதல் மேட்டில் ஒளிந்திருந்தவை

பட்டாசுச் சரம் பின்னும்போது நூல் அழுந்தி விரலில் கோடு விழும். சாயங்காலத்துக்குள் மறைந்துவிடும். அந்த ஆனி மாதம் பேச்சியக்காவின் விரல்களில் அது மறையவில்லை. நீலமாகக் கன்றி மறுநாளும் இருந்தது. பிறகு பல் விளக்கும்போது ஈறில் இரத்தம். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷமாகச் சரம் பின்னுகிறவள். வெடிமருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல என்றுதான் நினைத்தோம்.

மதுரையில் எலும்பு மஜ்ஜையை (எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடம்) எடுத்துப் பார்த்துவிட்டு இரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

அக்காவோடு நான் போனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்போது விருதுநகர்க் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு.

டாக்டர் சொன்னது எனக்குப் புதிதல்ல. ஒரு செல் (உயிரணு) பிரிவதற்கு முன் வளரும், தன் டி.என்.ஏ.வை (மரபுச் செய்தி எழுதிய இழை) இன்னொரு படி எடுக்கும், சரிபார்க்கும், பிறகுதான் பிரியும். ஒரு பங்கு இரண்டு பங்காகி, மறுபடி ஆளுக்கு ஒரு பங்கு. அக்காவுக்கு ஏற்றப்போகும் மருந்து, படி எடுக்கிற நேரத்தில் செல்லைப் பிடித்துக் கொல்லும். முடியின் வேரும் வாயின் உள்தோலும் ஓயாமல் பிரிகிறவை என்பதால் அவையும் சாகும். முடி கொட்டும், வாய் புண்ணாகும்.

எத்தனை செல்லில் எத்தனை பங்கு டி.என்.ஏ. என்று அளந்து போடும் வரைபடத்தை நான் பரீட்சையில் போட்டிருக்கிறேன். ஒரு பங்கு உள்ள செல்களுக்குப் பெரிய மேடு, இரண்டு பங்குக்குச் சின்ன மேடு, படி எடுப்பவை நடுப்பள்ளத்தில். ஐந்து மதிப்பெண். அதே பாடத்தின் கடைசியில் ஓய்வில் இருக்கும் செல்களைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதிலிருந்து கேள்வி வராது என்று விட்டுவிட்டேன்.

முதல் சுற்றில் அக்காவால் கஞ்சிகூட விழுங்க முடியவில்லை. பிறகு தேறினாள். மஜ்ஜையில் புற்றுச்செல் தென்படவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வரைபடமும் அதில் இருந்தது: பெரிய மேடு தன் இடத்தில், மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய காலி. மூன்று வாரம் கழித்து அடுத்த சுற்றுக்கு வரச் சொன்னார்கள்.

அது புரட்டாசி, தீபாவளி சீசன். அக்கா கம்பெனிக்குப் போக ஆசைப்பட்டாள். கூட வேலை பார்க்கும் பெண்கள் எங்கள் ஊர் ஆமத்தூருக்கே வந்து, அவள் தலையைத் தடவி, திருச்செந்தூர் போய் மொட்டை போட்டவள் தங்களுக்குத் திருநீறுகூடக் கொண்டுவரவில்லையே என்று கேலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஏலே, நீதான படிச்சவன்" என்றாள் அம்மா. "தீவாளி கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன?"

ரிப்போர்ட்டை இன்னொரு முறை பார்த்தேன். "அதான் ஒண்ணும் இல்லையேம்மா. கழிச்சே போகலாம்."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டரைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஈறில் மறுபடி இரத்தம்.

டாக்டர் திட்டவில்லை. தாளில் அதே இரண்டு மேடுகளை வரைந்து, பெரிய மேட்டைப் பேனாவால் தொட்டார். ஓய்ந்திருக்கும் செல்லிலும் ஒரு பங்குதான், பிரியக் கிளம்பும் செல்லிலும் ஒரு பங்குதான். அளந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஓய்ந்திருப்பது படி எடுப்பதில்லை, அதனால் மருந்தில் சிக்குவதில்லை. அவை விழிக்க விழிக்கப் பிடிக்கத்தான் அடுத்தடுத்த சுற்றுகள்.

அக்காதான் பேசினாள்.

"தீவாளி முடிஞ்சதும் எங்க கம்பெனியப் பூட்டிருவாக சார். வெளிய நின்னு பாத்தா, ஒரேயடியா மூடுன கம்பெனி மாதிரிதான் இருக்கும். ஒரு நா பூசையப் போட்டுத் திறந்துருவாக. அது மாதிரியா?"

"அதேதாம்மா" என்றார்.

அதன்பிறகு நோய் எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. சரியான நாளில் வந்திருந்தாலும் திரும்பியிருக்கலாம், சொல்ல முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். உண்மையாக இருக்கலாம். எனக்கு அது ஆறுதலாகவில்லை. உங்கள் வீட்டிலும் ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால், அவரிடம் முடிவைக் கேட்காதீர்கள். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால், தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது மாசி. கம்பெனி திறந்தாயிற்று. அக்கா வீட்டில் படுத்திருக்கிறாள். மருந்தை நிறுத்தியதால் தலையில் முடி அரும்புகிறது. முடியின் வேர் பிரிகிறது என்றால் புற்றுச்செல்லும் பிரிகிறது. இந்த முறை எனக்கு உண்மையாகவே தெரியும்.

அம்மா அந்த முடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "முடி வருதுலே. நல்லதுதான?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "அவன்ட்டக் கேக்காதம்மா."

இன்னும் எத்தனை நாள் என்று நாள்காட்டியை நான் பார்ப்பதில்லை. காலையில் தாடையைத் தடவினால் புதிதாக முளைத்த முடி கையில் தட்டுகிறது. என் உடம்பு யாரையும் கேட்காமல் படி எடுத்துக்கொண்டே இருக்கிறது. பிறகு அக்காவின் தலையைத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்றைவிடக் கொஞ்சம் நீளம்.