பொம்பளைக்கு மைனஸ் ரெண்டு

எனக்கு வயது எழுபத்தொன்று. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருடம் வேலை. படிப்பு இரண்டாம் வகுப்புதான், எழுத்து கோணலாக இருந்தாலும் என் கையெழுத்து.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஜெனியும் தோழர்களும் எங்கள் வீட்டில் பகடை உருட்டி விளையாடினார்கள். ராட்சசன், குள்ளன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம். யாருக்கு எவ்வளவு பலம் என்று தாளில் எண் போட்டுக்கொள்கிறார்கள். ஜெனியின் வீராங்கனை கோட்டைக் கதவைத் தூக்கப் போனாள். ஆட்டத்தை நடத்திய இம்ரான் தடுத்தான்.

"பொம்பளை கேரக்டர்னா பலத்துல மைனஸ் ரெண்டு. அது நேச்சர்ப்பா."

"உன் ஆளு பல்லி மூஞ்சி வச்சிக்கினு நெருப்பு கக்குறான். அது இன்னா நேச்சர்?" என்றாள் ஜெனி.

எனக்கு எங்கள் தோல் ஷாப் மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு தடவை அங்கே ஷேவிங் மெஷினில் ஓர் ஆளுக்கு இடம் காலியானது. தோலின் பின்பக்கத்தைச் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவரும் மெஷின் அது. நான் போய்க் கேட்டேன்.

"இன்னா சரோஜா, மெஷின் இழுக்கும். புடிச்சி நிக்க பலம் வேணும். ஆண்டவன் உங்களுக்குக் கம்மியா குடுத்துட்டான்."

அவர் இதைச் சொல்லும்போது என் தலையில் ஈரத்தோல் கட்டு இருந்தது. தண்ணீர் என் கழுத்தில் வடிந்துகொண்டிருந்தது.

"அப்போ இத்த யாரு மேஸ்திரி தூக்கினு நிக்கிறது? ஆண்டவனா?"

பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி முறைத்துக்கொண்டே தன் மச்சினனை மெஷின் வேலைக்கு நிறுத்தினார். ஆள் எருமைக்கடா மாதிரி இருப்பான். மெஷினோடு மல்லுக்கட்டி, சாயங்காலத்துக்குள் ஏழு தோலைக் கிழித்தான். அது பலத்தைக் காட்டி இழுக்கிற வேலையே இல்லை. மெஷின் விடும்போது பதமாக வாங்கிக்கொள்ள வேண்டும். மறுநாள் முதலாளியே என்னை நிற்கச் சொன்னார். நான் குள்ளம், மெஷின் எட்டவில்லை. காலடியில் ஒரு பலகை போட்டார்கள். எட்டியது. ஆண்டவன் கம்மியாகக் கொடுத்ததற்கு அவ்வளவுதான் வைத்தியம்.

இதை இம்ரானிடம் சொன்னேன். அவன் விடவில்லை.

"அப்ப ராட்சசனுக்கும் குள்ளனுக்கும் ஒரே பலமா ஆயா?"

"யாருடா அப்படிச் சொன்னது? ராட்சசன் தூக்கட்டும், குள்ளன் கடப்பாரை போட்டு நெம்பட்டும். உருட்டுறதுக்கு முன்னாடியே ஒருத்தி தோத்துட்டான்னு எழுதாத."

முனகிக்கொண்டே தாளில் இருந்த மைனஸை அடித்துவிட்டான். ஜெனி உருட்டினாள். விழுந்தது ஒன்று. கதவு அசையவில்லை. அவள் முகத்தில் வருத்தமே இல்லை. உருட்டித் தோற்றாள், அதில் குறையில்லை.

ஜெனி, இதை ஒருமுறை படித்துக் காட்டு. மேஸ்திரி பேசும் இடத்தைச் சத்தமாகப் படி. இம்ரான் வாசலில்தான் நிற்கிறான்.