விளக்கெண்ணெய் குடித்த கடிகாரம்

செங்கம் ரோட்டில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "ரிப்பேர் பண்றவரு இல்லீங்களா?" என்று, கடையில் பெண்ணைப் பார்த்ததும் என்னிடமே கேட்பவர்களின் கையிலிருந்து மிக்ஸியை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்துவிடுவேன். எங்கள் வீட்டில் இந்தக் கைவேலை எனக்கு மட்டும்தான் வரும். அப்பா எந்த எந்திரத்தையும் தொடமாட்டார். கிணற்று மோட்டாருக்கு சுவிட்ச் போடக்கூட அம்மாதான் ஓடவேண்டும்.

காரணம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பத்து வயதில் அவர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்திருக்கிறார். மறுநாள் அது நின்றுவிட்டது. "ஓவரா முறுக்கி ஸ்பிரிங்க அறுத்துட்டான்" என்று பெரியப்பா சொல்ல, தாத்தா முதுகுத் தோலை உரித்துவிட்டார். அதற்கப்புறம் கல்யாணமோ காதுகுத்தோ, அந்தக் கதை வராமல் பந்தி முடியாது. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் அடி அண்ணாமலை கிராமத்து வீட்டில் ஓடு மாற்றியபோது, பரணிலிருந்து அந்தக் கடிகாரம் இறங்கியது. "எடைக்குப் போட்டுடும்மா" என்றார் பெரியப்பா, வேலூரிலிருந்து போனில். நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

முதலில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அசையவில்லை. ஸ்பிரிங் அறுந்திருந்தால் சாவி சும்மா சுற்றும். இதுவோ முழு முறுக்கில் இறுகி நின்றது. அப்பா அன்றைக்குக் கொடுத்த முறுக்கு இத்தனை வருஷமாக உள்ளேயே இருந்திருக்கிறது.

அப்படியானால் எது நிறுத்தியது? கடிகாரத்தின் முகத்தில் சந்தனமும் குங்குமமும் விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்தன. ஆயுத பூஜைக்கு ஏர், மண்வெட்டியோடு இதற்கும் பொட்டு வைப்பது வழக்கம். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, எழுத்து புரியவில்லை. ஊரிலுள்ள ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த ஜெர்மன்கார அம்மா ஒருவர், ரிப்பேருக்குக் கொடுத்த கரண்ட் அடுப்பை வாங்கிப்போக வந்தபோது படித்துச் சொன்னார். ஜெர்மனியில் செய்தது, சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும், அச்சு முனைகளுக்கு ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் கூடாது.

உள்ளே பார்த்தால் பல்சக்கரமெல்லாம் பழுப்புப் பிசின். எதற்கென்று சொல்லாமல், அம்மாவின் போனில் அப்பாவைக் கூப்பிட்டு, கடிகாரத்துக்கு யார் எண்ணெய் விட்டது என்று கேட்டேன். "எங்கப்பாதான் ஆயுத பூஜைன்னா ஒரு கரண்டி விளக்கெண்ண ஊத்துவாரு. நல்லா ஓடட்டும்னு" என்றார்.

முறுக்கை மெல்ல மெல்ல இறக்கினேன். பல்சக்கரங்களைப் பெட்ரோலில் ஊறவைத்துத் தேய்த்து, அச்சுத் துளைகளை ஊதுவத்திக் குச்சியால் குடைந்து, திரும்பப் பூட்டுவதற்குப் பத்து நாள் ஆனது. இரண்டு முறை தப்பாகப் பூட்டி இரண்டு முறையும் பிரித்தேன். கடைசியில் அது ஓடியது, மணியும் அடித்தது. கடைக்கு வந்தவர்களை எல்லாம் நிற்கவைத்துக் காட்டினேன். பீற்றிக்கொள்கிறேன் என்றால், ஆமாம், பீற்றிக்கொள்கிறேன்தான்.

வீட்டில் மாட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன்.

"இது உள்ள இருந்த அதே ஸ்பிரிங்குப்பா. அறுந்தே போகல. தாத்தா ஊத்துன விளக்கெண்ண பிசினா இறுகித்தான் நின்னுச்சு."

"நான் அறுக்கலையா?"

"இல்லப்பா."

பெரியப்பாவுக்குப் போன் போடச் சொல்லி, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ண்ணா, கடிகாரம் ஓடுது. எம்பொண்ணு ஓட வெச்சுட்டா" என்றார். அந்தப் பக்கம் பெரியப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அப்பா கேட்கவில்லை. எழுபது வயதில் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நான் ஒன்னும் பண்ணலண்ணா. அன்னிக்கே சொன்னேன். ஒருத்தராவது கேட்டீங்களா?"