பக்கத்து ஊர் விலை

வீட்டுத் தரகு என்றால் வீடு காட்டும் தொழில் என்று நம்பித்தான் நானும் இதில் இறங்கினேன். காது புளிக்கப் புளிக்கப் பக்கத்து ஊர் விலையைக் கேட்கும் தொழில் என்று யாரும் சொல்லவில்லை. வீடு வாங்க அலைந்தவர்கள், அலைகிறவர்கள், அலைந்து ஓய்ந்து வாடகைக்கே திரும்பியவர்கள் எல்லோரும் என் இனம். உங்களிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

கவிதாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் எங்கள் பக்கத்துத் தெருவில், மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் குடியிருந்தார். கணவர் மூர்த்தி ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போனால் மாதக்கணக்கில் ஊர்ப்பக்கம் வர மாட்டார். வீட்டுச் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் என்று, தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். இனிமேல் இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான் தூக்குவதில்லை, எலிவளையானாலும் சரி, சொந்தமாக வேண்டும் என்று கவிதா என்னிடம் வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் வருஷக்கணக்கில் சேர்த்த காசு. விலை ஏறி அது பத்தாமல் போவதற்குள், தைக்கு முன் ஒரு வீடு அமைய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

கார் நிற்கிற இடம்

மூர்த்தியின் முதலாளி ஆபீஸ் சேலத்தில் என்பதால் முதலில் அங்கே போனோம். பழைய வீடு. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு உதிர்ந்தது. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். இதற்கு வீட்டை விற்பவர் வாய் கூசாமல் ஒரு விலை சொன்னார். என்ன சார் நியாயம் என்றேன். "கோயமுத்தூர்ல போய்க் கேட்டுப் பாருங்க. இந்தக் காசுக்கு அங்க கார் நிறுத்தற இடம்கூடக் கிடைக்காது" என்றார். கோயமுத்தூரில் வீடு விற்பவன் பெங்களூரைச் சொல்வான். பெங்களூர்க்காரன் எதைச் சொல்வானோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவிதா குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அப்ப உங்க கார் நிக்கற எடத்துக்கு மட்டும் ஒரு வெல சொல்லுங்க சார், நாங்க அதுலயே இருந்துக்கறோம்."

பாதிச் சேலம்

ராசிபுரத்தில் ஒரு நெய் வியாபாரியின் வீடு. தெருவே அமைதி, கிணற்றில் தண்ணீர். கவிதாவுக்குப் பிடித்திருந்தது. விலை மட்டும் சேலத்தை ஒட்டியே நின்றது. "ஏனுங்க, சேலத்துக்கு எத்தன தூரமுங்க? பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சா சேலம். ராசிபுரத்தப் பாதிச் சேலம்னு வெச்சுக்கங்க" என்றார் வியாபாரி.

பாதி என்றால் விலையும் பாதியாக அல்லவா இருக்க வேண்டும்? தூரம் குறைவு என்பதற்காக இவர் ஏற்றலாம் என்றால், ராசிபுரம் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேலத்துக்காரர் குறைக்க வேண்டாமா? மரியாதையை விட்டுவிட்டு முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை, எனக்கு மோர் கொடுத்தபடி சொன்னார்: "வெல எப்பவும் அண்ணாந்துதான் பாக்குமுங்க, குனிஞ்சு பாத்தா அதுக்குத் தல சுத்துமுங்க."

டீக்கடை ஞானம்

இதையெல்லாம் டீக்கடையில் என் சக தரகன் குமாரிடம் புலம்பினேன். அவன் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டே சிரித்தான். அவன் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிச்சல், அந்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவன் சொன்னது இதுதான்: "வெல ஏறுனா நம்ம கமிஷனும் ஏறுது, நீ எந்தக் கட்சின்னு மொதல்ல முடிவு பண்ணுப்பா."

அம்மன் சொன்ன விலை

கடைசியாகப் புதுச்சத்திரம். பெரியசாமி என்ற விவசாயி தன் மகனுக்காகக் கட்டி, மகன் வெளியூரிலேயே தங்கிவிட்டதால் யாரும் குடிவராத வீடு. நெடுஞ்சாலையில் பஸ், கவிதாவின் பிள்ளைகள் இப்போது படிக்கும் நாமக்கல் பள்ளிக்கே போய்வரலாம். விலையும் கவிதாவின் கைக்கு எட்டியது, பேசி முடித்தோம். கட்டில் எங்கே, பீரோ எங்கே என்று கவிதா போனில் மூர்த்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எதுக்கும் கோயில்ல ஒரு பூக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார் பெரியசாமி. எங்கள் பக்கத்து வழக்கம்தான் இது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

சிவப்பு வந்துவிட்டதாம். சரி, விற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தால், மறுநாளே புது விலையோடு வந்து நிற்கிறார். "ஆத்தா விக்க வேண்டாம்னு சொல்லலீங்க, வெல பத்தாதுங்கறா. நாமக்கல்ல என்ன வெல போகுதுன்னு அவளுக்குத் தெரியாதுங்களா?" அம்மனையும் நில வியாபாரத்தில் இறக்கிவிட்ட மனிதரை என்ன செய்வது? கவிதா நகையை அடகு வைத்தாவது புது விலையைத் தரச் சம்மதித்து, ஒன்று மட்டும் கேட்டார்: இந்தத் தடவை தான் இருக்கும்போது பூக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் கூடினோம். புது விலையைப் பெரியசாமியே வாய்விட்டுச் சொல்லி அம்மனிடம் கேட்டார். பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். பெரியசாமி மட்டும் யோசனையாக நின்றார். பிறகு சொன்னார், சத்தியமாகச் சொன்னார்: "கேட்ட ஒடனே ஆத்தா வெள்ளையக் குடுத்துட்டாளே அம்மணி, அப்ப நாந்தேன் வெலயக் கொறைச்சுக் கேட்டுப்போட்டனாட்ட இருக்குது."

நான் கோயில் என்றும் பாராமல் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பூசாரி வந்து என் தோளைப் பிடித்தார். கவிதா என்னைத் தாண்டிப் போய், பூசாரி கையிலிருந்த அந்த வெள்ளைப் பூவை வாங்கி, பெரியசாமியின் சட்டைப் பையில் வைத்தார். "ஆத்தா எனக்குக் குடுத்துட்டாங்க, நீங்கதான் குடுக்கல. இத நீங்களே வெச்சுக்கங்க."

தை பிறப்பதற்கு முன்பே கவிதா இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான் கட்டினார், நான்தான் வண்டி பிடித்துக் கொடுத்தேன். புதுச்சத்திரத்து வீடு பூட்டியே கிடக்கிறது. ஊர் ஊராகச் சுற்றியதில் எனக்கு மிஞ்சியது கோபம் ஒன்றுதான், அது பக்கத்து ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று மட்டும் இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.