அண்ணன் பெயரில் நான் விற்ற பாட்டு

கறுப்புக் கரை போட்ட அந்தச் சிறிய புத்தகத்தை அண்ணன் விரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அச்சகத்திலிருந்து அன்று காலையில்தான் வந்திருந்தது. விரலை நாவில் தொட்டு முதல் பக்கத்தைப் பிரித்தார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று பழுகாமத்து அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவர்மேல் பாடிய பாட்டுகளை அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் சபையில் வாசித்து, வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று பெயர். அண்ணன் அதை எழுதுவதில் பேர் எடுத்தவர். செட்டிபாளையத்துச் சங்கக்கடையில் அரிசி நிறுப்பது அவருடைய வேலை. சாவு வீட்டில் ஒரு பகல் முழுவதும் இருந்து, போனவர் மாட்டை என்ன சொல்லிக் கூப்பிட்டார், எந்தக் கறிக்குக் கோபித்தார் என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்காருவார். காசு வாங்கமாட்டார். "அழுகிறவனிட்டக் கை நீட்ட எனக்கு ஏலாது புள்ள" என்பார். அவர் மனைவி, என் மச்சாள், அடுப்படியிலிருந்து, "கறிச்சட்டிக்குள்ள வெண்பாவைப் போட்டுக் கிண்டவா?" என்று கேட்பா. அவர் சிரிப்பார். மச்சாள் சிரித்ததில்லை. நான்கு பிள்ளைகள். சங்கக்கடை வேலை பறிபோன வருடம் அந்தக் கேள்வியையும் அவ நிறுத்திவிட்டா.

அந்த வருடம்தான் அண்ணன் நெருப்புக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாவிக்கு அக்கரையில், பழுகாமத்தில், காணி பூமியுள்ள ஒரு வீட்டின் தாய் இறந்து, ஆட்கள் தோணி பிடித்து வந்தார்கள். இரண்டு மூட்டை நெல்லும், வெற்றிலைக்குக் கீழே காசும் கொண்டு வந்திருந்தார்கள். மச்சாள் என்னைப் பார்த்தா. எனக்குப் பத்தொன்பது வயது. அண்ணனுடைய பாட்டுகளைத் திருத்தமாகப் பிரதி எடுப்பவள் நான்தான். "அண்ணன் எழுதித் தருவார்" என்று சொல்லி வாங்கினேன்.

இரண்டு இரவு முயன்றேன். ஒரு அடியும் வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஊர் மீன்பிடிக்காரத் தாய் ஒருத்திக்கு அண்ணன் எழுதியதை எடுத்தேன். பெயர், ஊர், திதி எல்லாம் மாற்றினேன். ஒரு பாட்டை மட்டும் தொடவில்லை.

இடுப்பளவு தண்ணியிலே இறங்கிநின்று கஞ்சிதந்து
அடுப்படிக்குத் திரும்பியவள் அடிச்சுவடும் காணலையே.

வயலிலும் தண்ணீர் நிற்கும்தானே என்று நினைத்தேன். நடுவில் அவ்வளவு பெரிய வாவி கிடக்கிறது, அக்கரையில் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் கல்யாணம் முடித்தால் பெண் வீட்டோடு போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து பார்த்து வந்த அந்த வழக்கம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை.

அண்ணன் எழும்பி நடமாடத் தொடங்கியதும், நானே எழுதி, அவர் பெயரில் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். "நீயா?" என்று கேட்டார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "காட்டு பாப்பம்" என்றார். அச்சகத்தில் இருக்கிறது என்றேன். "அப்ப உன்ர பாட்டை நான்தான் வாசிப்பன்" என்று, கால் நடுங்க நடுங்கத் தோணி ஏறினார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முதல் பாட்டிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் வாசித்துக்கொண்டே போனார். "இடுப்பளவு தண்ணியிலே" என்று அவர் தொடங்க, பந்தல் காலடியிலிருந்து ஒரு ஆண் குரல் மீதியைச் சொல்லி முடித்தது. அந்த மீன்பிடிக்காரத் தாயின் மகன். பழுகாமத்தில் பெண் எடுத்திருந்தான். ஒவ்வொரு திவசத்துக்கும் வாசித்து வாசித்து அவனுக்கு மனப்பாடம்.

"புலவர், அது எங்கட அம்மாட பாட்டெல்லா?" என்றான். அழுதுகொண்டிருந்தான். "அந்தக் கஞ்சியக் குடிச்சவன் நான். எங்கட அம்மாவ எத்தின பேருக்கு வித்தீங்க?"

அண்ணன் புத்தகத்தை மூடினார். பெண்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பிழை என்ர, தம்பி" என்றார். "காசுக்காகச் செஞ்சிட்டன்."

நான் எழும்பியிருக்கலாம். கால் மரத்துப் போயிருந்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தோணியில் திரும்பினோம். பாதி வாவி கடந்த பிறகு அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "வயலில இடுப்பளவு தண்ணி எப்ப நிண்டது புள்ள?" அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வாவிக்கு இரு கரையிலும் கதை பரவியது. எந்தச் சாவு வீட்டிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வரவில்லை. அவர் ஒரு நெல் ஆலையில் காவல் வேலைக்குப் போனார். மாதச் சம்பளம் வந்தது. மச்சாளின் சட்டியில் மீன் கிடந்தது, பிள்ளைகள் படித்தார்கள். கெட்டுப்போனது அவருடைய பேர் ஒன்றுதான். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்தபோது, கல்வெட்டு வேண்டாம் என்று அவருடைய பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். ஊர் சிரிக்குமாம். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

என் மகளுக்குப் பதினேழு வயது. அடையாள அட்டையில் இருக்கும் சின்னப் படத்தைப் பார்த்து, இறந்தவர்களைப் பெரிய படமாகக் கீறுகிறாள். எப்படிப் பிழைக்கப் போகிறாளோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. போன கிழமை ஒருவர் தன் மனைவியின் அட்டையோடு வந்தார். "என்ன தரவேணும் டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கூசாமல் ஒரு விலை சொன்னாள். அவரும் சரி என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன்மா இப்பிடிப் பயப்பிடுறீங்க? மாமாவப் போல ஒரு முகத்த ரெண்டு பேருக்கு விக்கமாட்டன்."

நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.