அரை மணி முந்திய கடிகாரம்

என் கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்து. கந்தப்பளைக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் நான் முதலில் கண்டது, ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, நாற்காலி இருந்தும் உட்காராமல் கணினியைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணை. பூண்டுலோயாவிலிருந்து வந்த நெட்வொர்க் தொழில்நுட்பவியலாளர்.

பன்னிரண்டு மணிக்குள் கொழும்புத் தரகருக்கு விவரம் போகாவிட்டால் அந்த வாரத் தேயிலை ஏலத்துக்குப் போகாது. புதிதாகப் போட்ட ஃபயர்வால் எதையும் நேராக வெளியே விடாது. அனுப்புவது யார் என்று சரிபார்த்து விடும் ப்ராக்சி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். ப்ராக்சியோ இந்தக் கணினியை ஏற்க மறுத்தது. அந்தப் பெண் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினார். எதை மாற்றுகிறார் என்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தட்டினார்.

“ஃபயர்வால கொஞ்ச நேரம் தொறந்து விடுங்களேன் மிஸ்,” என்றார் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர்.

“தொறந்து விடுறதுக்கு நான் எதுக்குங்கையா? நீங்களே செஞ்சிருப்பீங்களே.”

கொஞ்ச நேரத்தில் டீமேக்கர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். “பன்னெண்டு தாண்டிருச்சு. விட்ருங்க மிஸ்.”

அந்தப் பெண் தன் கைபேசியைப் பார்த்தார். “இதுல பதினொன்னே முக்கால்தான் ஆகுது.”

“காலையில பேர் கூப்புட்டு வேல பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுங்க நேரத்தோட வரணும்னு இங்க மணிய அரை மணி முந்தி வச்சிருக்கோம்.”

“கம்ப்யூட்டர்லயுமா?”

“அதுல மட்டும் வேற மணி எதுக்குன்னுதான்.”

“கம்ப்யூட்டரும் பெரட்டுக்கு வருதாக்கும். மணி ஒத்துப்போனாத்தான் ப்ராக்சி ஆள நம்பும்ங்கையா.” பிறகு சத்தமாகச் சொன்னார்: “நேரத்த மாத்துறேன்.”

பன்னிரண்டு ஆவதற்குள் விவரம் போய்ச் சேர்ந்தது. கொடுத்த தேநீரையும் நின்றபடியே குடித்தார். கிளம்பும்போது சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். அதைத் தொடவில்லை.