மொட்டைப் போல்ட்டுக்கு நான் அனுப்பாத பதில்

அறுபதுகளின் கடைசி. ஒரகடம் பக்கம் இப்போது இருக்கிற பெரிய கம்பெனிகள் எதுவும் அப்போது கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையோரம் போல்ட், நட்டு செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை இருந்தது. அதில் ஸ்டோர் கிளார்க் நான். படப்பையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வயது இருபத்திரண்டு. "இவ வாய்க்கு ரெண்டு ஊரு பத்தாது" என்று வீட்டில் சொல்வார்கள். அப்பேர்ப்பட்ட வாய்தான் வேண்டிய நேரத்தில் என்னைக் கவிழ்த்தது.

கழித்துப் போட்ட போல்ட்டுகளைக் கூடையில் போட்டு, என்ன குறை என்று எழுதிய சிவப்புச் சீட்டைக் கட்டி ஸ்டோருக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றுவது என் வேலை. சீட்டு எழுதுகிறவர் இன்ஸ்பெக்டர். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் சீட்டு ஒன்று கைதவறிக் கவிழ்ந்து விழுந்தது. நட்டு ஏறுகிற திருகு வெட்டே விழாத போல்ட்டு; முன்பக்கம் 'மரை இல்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். பின்பக்கம் பென்சிலில் நாலு வரி இருந்தது.

கோணல் போல்ட்டு கோயிலுக்குப் போச்சாம்,
மரையை மழிச்சு மொட்டை போட்டுச்சாம்,
வல்லக்கோட்டை முருகன் வாய்விட்டுச் சிரிச்சாராம்,
'வந்தவழி ஸ்டோருக்குப் போ'ன்னு சொன்னாராம்.

குடித்துக்கொண்டிருந்த டீ எனக்குப் புரையேறிவிட்டது. அந்த உம்மணாமூஞ்சிக்குள் இப்படி ஒரு ஆளா!

அதற்குப் பிறகு கூடை வந்தால் முதலில் சீட்டைத்தான் திருப்புவேன். வாஷருக்குக் கல்யாணம், நட்டுக்கு ஜலதோஷம் என்று தினம் ஒன்று வரும். எனக்கும் கை துறுதுறுத்தது. ஒரு பழைய நோட்டில் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத ஆரம்பித்தேன். நாற்பது, ஐம்பது சேர்ந்திருக்கும். ஒன்றைக்கூட அவரிடம் காட்டவில்லை. வயசுப்பெண் ஓர் ஆண்பிள்ளைக்குப் பாட்டு எழுதினால் ஊர் என்ன பேசும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதான். ஆனால் அவருடைய பாட்டு அளவுக்கு என்னுடையது இல்லையே, படித்துவிட்டு முகம் சுளித்தால் என்ன செய்வது என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தார். பின்னால் இன்ஸ்பெக்டர்.

"இன்னாய்யா, சீட்டு பின்னால பாட்டு எழுதிகினு கீற?" என்று அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எல்லாம் உங்கிட்டதானே வருது. படிக்கிறியா? நல்லா கீதா?"

இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். திட்டு விழுமே என்ற கவலை அந்த முகத்தில் இல்லை. என் பதிலுக்காக மட்டும் காத்திருந்தார். நோட்டு ரிஜிஸ்டருக்கு அடியில்தான் இருந்தது.

"நான் பின்பக்கம் பாக்கறதே இல்ல சார்" என்றேன்.

"அட போம்மா! ஆயுத பூஜைக்கு எல்லார் முன்னாலயும் இவர படிக்க வெக்கலாம்னு பார்த்தேன். வாங்கறவங்களே பாக்கலன்னா யாருக்குய்யா எழுதற?" என்று சூப்பர்வைசர் சிரித்தார்.

"சும்மா எழுதனது சார். இனிமே எழுதல" என்றார் அவர்.

மறுநாள் கூடை வந்தது. திருப்பினேன். வெறும் சீட்டு. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பாவி, என்ன காரியம் செய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு சாயங்காலம் துணிந்து நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னாம்மா, சீட்டுல எதனா தப்பு கீதா?" என்று கேட்டார். "இல்ல சார், பஸ் போயிடுச்சான்னு கேக்க வந்தேன்" என்றேன். பஸ் எதிரிலேயே வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி வேலையை விட்டேன். போகும்போது நோட்டைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன்.

பதினைந்து வருஷம் கழித்து வல்லக்கோட்டைக் கோயிலில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்து, பேரனுக்கு மொட்டை போட வந்திருந்தார். அந்த மொட்டைத் தலையைப் பார்த்ததும் என்னை அடக்க முடியவில்லை. யார் என்று சொல்லிக்கொண்டு, அந்த நாலு வரியையும் ஒரு மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"நல்லா கீதும்மா. நீ எழுதனதா?"

"சார், நீங்க எழுதினது!"

"நானா?" பேரனின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "எப்பவோ எதனா கிறுக்கிகினு இருந்தேன். யாரும் படிக்கலன்னு உட்டுட்டேன். இப்ப ஒண்ணும் ஞாபகமில்லம்மா."

நான் படித்தேன் சார், எல்லாவற்றையும் படித்தேன் என்று சொல்வதற்குள் பேரன் அழ, அவர் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எரித்த நோட்டில் எனக்கு மனப்பாடமாய் நிற்பது ஒன்றுதான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது இங்கே எழுதுகிறேன்.

மொட்டைப் போல்ட்டு வந்து சேர்ந்தது ஸ்டோரிலே,
சந்தனத்துக்கு எங்கே போவேன் ஊரிலே?
கிரீஸை அள்ளிப் பூசிவிட்டேன் தலையிலே,
குளுகுளுன்னு தூங்குது கூடை மூலையிலே.

சுமாரான பாட்டுதான், எனக்கே தெரியும். ஆனால் அன்றைக்கே இதை ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பியிருந்தால் மறுநாள் அவரிடமிருந்து ஒரு பதில் வந்திருக்கும் என்று நினைக்கும்போது, இந்த வயதிலும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை.