வெறுமையாய்த் திரும்பிய தட்டுகள்

மெல்பர்னின் மல்கிரேவில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கு மேலுள்ள பலகையில், நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு ஒன்றை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஓரத்தில் பூச்சு பெயர்ந்து கறுத்துப்போன தட்டு. என் மருமகள் அதை ஒருமுறை குப்பையில் போட்டுவிட்டாள். நான் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் கழுவி மறுபடி அதே இடத்தில் வைத்தேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் சொல்லப் பொறுமையில்லை. போன மாதம் எங்கள் கடைத்தெருவில் கேக் கடை வைத்திருக்கும் ரஷ்யக் கிழவி, கண்ணாடியில் கைப்பட எழுதி ஒரு தாளை ஒட்டியிருந்தாள். ‘நான் இந்தப் போரை ஆதரிக்கவில்லை.’ தேன் கேக்கின் விலைக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருந்தது. கடைக்குள் போகாமல் வீட்டுக்கு வந்து இந்தத் தட்டின் முன்னால்தான் நின்றேன்.

எழுபதுகளின் நடுவில் ஈப்போவிலிருந்து தாதிப் படிப்புக்கு மெல்பர்ன் வந்தவள் நான். கார்ல்டனில், சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு நிற்கும் பழைய மாடி வீடுகள் இருந்த ஒரு தெருவில் தங்க இடம் கிடைத்தது. வீட்டுக்காரி இந்தோனேசியாவின் ஜாவாவைச் சேர்ந்த விதவை. ஒரு வெள்ளைக்கார மாலுமியைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் போன பிறகு மாடி அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். அவர் நாட்டில் அத்தையை, சித்தியை எல்லாம் ‘தாந்தே’ என்பார்கள். நாங்களும் தாந்தே என்றே கூப்பிட்டோம். எனக்கு மலாய் தெரியும் என்பதால் என்னிடம் மட்டும் மனம்விட்டுப் பேசுவார். பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். ஏதோ அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஒரு சொல்லில் ஆளை உரித்துப் போடுகிற வாய் அவருக்கு.

தாந்தேயிடம் இந்த நீல விளிம்புத் தட்டுகள் ஓர் அடுக்கு இருந்தன. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்று எது வந்தாலும் விடியற்காலையிலேயே மஞ்சள் சோறு வடித்து, தேங்காய்ப் பாலில் மாட்டிறைச்சியை வற்றக் காய்ச்சி, வேர்க்கடலை அப்பளம் பொரித்து, தட்டுத் தட்டாக மூடி தெரு முழுக்க அனுப்புவார். மாடு தின்னாத அக்காவுக்கும் எனக்கும் முட்டை தனியாக. தூக்கிக்கொண்டு போவது என் வேலை. முதலில் வெள்ளைக்காரர்கள் தட்டைக் கழுவி அப்படியே திருப்பித் தந்தார்களாம். தாந்தே சிரித்துக்கொண்டே, “எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பினால் உறவு முடிந்தது என்று பொருள்” என்று சொல்லிக் கொடுத்தாராம். நம் வீடுகளிலும் அதுதானே வழக்கம்! அதன்பிறகு தட்டில் எலுமிச்சம்பழம் வரும், தக்காளி வரும், கேக் துண்டு வரும். பக்கத்து வீட்டு டீச்சர் ஆப்ரிகாட் ஜாம் வைத்து அனுப்புவாள். ‘உங்கள் வழக்கம் எவ்வளவு அழகானது’ என்று அந்தத் தெருவுக்கே வகுப்பெடுத்தவள் அவள்தான். தாந்தேக்கு அவளென்றால் உயிர்.

தாந்தேக்கு ஒரே தம்பி. ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். அறுபதுகளில் தளபதிகள் ஆட்சியைப் பிடித்தபோது இடதுசாரி ஆசிரியர் சங்கத்துக்காரன் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கில்லை, விசாரணையில்லை, எங்கோ ஒரு தீவில் காடு வெட்டிக்கொண்டிருந்தார். சிலரை விடுவிக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு அவ்வப்போது வரும். அந்தப் பேச்சில்தான் தாந்தேயின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. தூதரகத்துக்குக் காது எங்கும் இருந்தது, மாணவர்களுக்குள்ளேயே இருந்தது. தாந்தே வெளிநாட்டில் வாய் திறந்தார் என்று தெரிந்தால் விடுதலைப் பட்டியலில் தம்பியின் பெயரை அடித்துவிடுவார்கள். இதை அவர் என்னிடமும் அக்காவிடமும் மட்டும் சொல்லியிருந்தார். சொன்ன அன்றே, வெளியில் மூச்சு விடமாட்டோம் என்று எங்கள் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எழுபத்தைந்து டிசம்பரில் அதே தளபதிகளின் படை பக்கத்துக் குட்டி நாடான கிழக்குத் தீமோருக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே இங்கிருந்து அந்த எல்லைக்குச் செய்தி சேகரிக்கப் போன செய்தியாளர்கள் கொல்லப்பட்டிருந்ததால் தெரு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. துறைமுகத் தொழிலாளர்கள் இந்தோனேசியக் கப்பல்களைத் தொடமாட்டோம் என்றார்கள். வானொலியில் அதைக் கேட்டு தாந்தே அடுப்படியில் நின்றபடியே கைதட்டினார். இனி கிராம்பு வராது, இனிப்புச் சோயா வராது, தெரியும் அவருக்கு. “வராமல் போகட்டும் மகளே. துப்பாக்கி ஏற்றுகிற கப்பலுக்கு யாராவது ஒருத்தர் மாட்டேன் என்று சொல்கிறார்களே” என்றார். அந்தத் தெருவில் அந்தத் தளபதிகளை அவரைவிட அதிகம் வெறுத்தவர் யாருமில்லை. அதைச் சொல்ல முடியாதவரும் அவர் ஒருவர்தான்.

டீச்சர் வந்தாள். தெருவில் ஒரு குழு அமைத்திருந்தார்கள், அதற்கு அவள்தான் தலைவி. நல்லவள்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வரும் வாரம் நகர மண்டபத்துக்கு முன்னால் கூட்டம், தாந்தே மேடையேறி, ‘ஓர் இந்தோனேசியப் பெண்ணாக நான் வெட்கப்படுகிறேன்’ என்று நாலு வரி வாசித்தால் போதும், பத்திரிகையில் படத்தோடு வரும் என்றாள். படம் என்றதும் தாந்தேயின் முகம் சுண்டிப்போனது.

“என்னால் முடியாது” என்றார்.

“ஏன் முடியாது? அங்கே குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.”

“தெரியும். ஆனால் முடியாது.”

“அப்படியானால் நாங்கள் என்ன நினைத்துக்கொள்வது?”

தம்பியின் கதை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தாந்தே என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கினேன். டீச்சர் காப்பியைத் தொடாமல் எழுந்து போனாள்.

அந்த வாரக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள். “இந்த முறை வேண்டாம் தாந்தே, வீட்டோடு வைத்துக்கொள்வோம்” என்று கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. அனுப்பாவிட்டால் நான்தான் முறித்துக்கொண்டேன் என்றாகிவிடும் என்றார். நாட்டில் அன்று தேர்தல் வேறு. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்களின் கையில் நான் தட்டைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். வாங்கும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தட்டுகள் திரும்பின. டீச்சரே முன்னால் வந்து கொடுத்தாள். கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமையாக. “வெறுமையாகத் திருப்புவதற்கு என்ன பொருள் என்று அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் மறக்கவில்லை என்று சொல்” என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாக அதே மாதிரி. பேசிவைத்துக்கொண்டுதான் செய்திருக்கிறார்கள். சோற்றைத் தின்றுவிட்டுத்தான் செய்தார்கள் என்பதை நான் இன்றுவரை மறக்கவில்லை. தூக்கி எறிந்திருந்தால்கூட ஒரு மானம் இருந்திருக்கும்.

“பாத்தியேடி, சாப்பாட்டுக் கோப்பையை நக்கித் துடைச்சுப்போட்டுத்தான் அனுப்பியிருக்கினம்” என்றார் அக்கா, தட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டே. “எய்தவன் இருக்க அம்பை நோகினம் எண்டு சொல்லுவினம். இந்த மனுசி அம்புகூட இல்லையடி, குத்துப்பட்ட ஆள்!”

“நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்கா. ஒரு வார்த்தையாவது கேட்கணும்.”

“இரடி பிள்ளை. கேட்டால் அவவின்ர தம்பியைப் பற்றிச் சொல்லவேணும். சொல்லுவியே?”

நான் உட்கார்ந்துவிட்டேன். தாந்தே ஒவ்வொரு தட்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பார்ப்பது மாதிரி. பிறகு அலமாரியின் அடித்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். அதன்பின் பெருநாட்கள் வந்தன, போயின. மஞ்சள் சோறு எங்கள் மூவருக்கு மட்டும் வடிந்தது.

ஓராண்டுக்கு மேல் அப்படித்தான் போயிற்று. மூலைக் கடைக்காரன் அவருக்கு மட்டும் கடைசியில்தான் சாமான் எடுத்துத் தருவான். ஒருமுறை டிராமில் என்னைப் பார்த்தே ஒருவன் ‘கொலைகாரி’ என்றான். நான் ஈப்போக்காரியடா, தமிழச்சியடா என்று அவனிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அவனுக்குப் பழுப்புத் தோல் என்றால் எல்லாம் ஒன்றுதான். தாந்தேயிடம் சொன்னபோது அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது!

எழுபத்தேழில் செய்தி வந்தது. ஊரிலிருந்து படிக்க வந்த ஒரு பெண் நேரில் வந்து சொன்னாள். தம்பி அந்தத் தீவிலேயே காய்ச்சலில் போய்விட்டாராம். போய் மாதக்கணக்காகிறதாம். தாந்தே அப்போது மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. முழுக்க அரைத்து வழித்து வைத்து, கையைக் கழுவிவிட்டு, “இனி நான் பேசலாம்” என்றார். அடுத்த நாள் ஊரிலிருந்து கொண்டுவந்த நல்ல பாத்திக் சாயத்துணி மேலாடை ஒன்றைப் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கூடமெங்கும் அட்டைகள், வண்ணம், தூரிகை, நாலைந்து பேர். யுரேனியம் தோண்டக்கூடாது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். தாந்தே, “தீமோர் பற்றிய கூட்டம் எப்போது? நான் பேச வருகிறேன்” என்றார். டீச்சர் ஒரு கணம் விழித்தாள். “ஓ, அந்தக் குழு இப்போது கூடுவதில்லை. எல்லாரும் இதில் இறங்கிவிட்டோம்” என்று சொல்லி, அதே வாசகம் போட்ட பேட்ஜ் ஒன்றை எடுத்துத் தாந்தேயின் மேலாடையில் அன்பாகக் குத்திவிட்டாள். நாங்கள் திரும்பி வந்தோம். தாந்தே அந்தப் பேட்ஜைக் கழற்றக்கூட மறந்து அன்று முழுவதும் சமைத்தார்.

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய அரசே தீமோர் இந்தோனேசியாவோடு சேர்ந்துவிட்டதை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தது. சண்டை அங்கே நிற்கவில்லை, செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு சன்னல்கூடத் திறக்கவில்லை. கிராம்பு மறுபடி கடைக்கு வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கணக்கில் முழுப் பழியும் நீல விளிம்புத் தட்டுகளின் மேல் விழுந்து முடிந்திருந்தது.

எழுபத்தொன்பதில் ஒரு நாள் டீச்சர் எங்கள் கதவைத் தட்டினாள். தோல் நன்றாகக் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது. விடுமுறைக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய் வந்திருக்கிறாள். கையில் அவளுடைய பூப்போட்ட பீங்கான் தட்டு. அதில் ஒரு பொட்டலம் பாலிக் காப்பித்தூளும், மரத்தில் செதுக்கிய ஒரு வாத்தும். “உங்கள் ஆட்கள் எவ்வளவு அன்பானவர்கள்! இவ்வளவு நாள் போகாமல் விட்டேனே” என்று தாந்தேயைக் கட்டிக்கொண்டாள். தாந்தே வாங்கிக்கொண்டார். உட்கார வைத்து, காப்பி கொடுத்து அனுப்பினார்.

அவள் போனதும் வாத்தையும் பொட்டலத்தையும் எடுத்து மேசையில் வைத்தார். தட்டைக் கழுவினார். உலர்ந்த துணியால் பளபளக்கத் துடைத்தார். அடுப்பில் அன்று கடலை அப்பளம் பொரித்து வைத்திருந்தது, என் கண் அதன்மேல் போயிற்று. அவர் வாழ்க்கையில் எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாக வெளியே அனுப்பியவரில்லை. “இதைக் கொடுத்துவிட்டு வா” என்றார், தட்டை அப்படியே என் கையில் வைத்து. அக்கா வாசல்வரை வந்து, “முகம் எப்பிடிப் போகுதெண்டு வடிவாப் பாத்துக்கொண்டு வாடி” என்றார்.

நாலு வருஷமாக நெஞ்சில் தேக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தத் தட்டில் இருந்தது. டீச்சர் கதவைத் திறந்தாள். வெறும் தட்டை வாங்கினாள். “அட, அதற்குள் கழுவியே கொடுத்துவிட்டாரா? தங்கமான மனுஷி!” என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டு, பாலியில் எடுத்த படங்களைக் காட்டட்டுமா என்று என்னிடம் கேட்டாள். நடிக்கவில்லை. சத்தியமாக நடிக்கவில்லை. மறந்தேபோயிருந்தாள்.

திரும்பி வந்தேன். தாந்தே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன சொன்னாள்?”

“நன்றி சொன்னாங்க தாந்தே.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்கு விருப்பமில்லை. படிப்பு முடிந்து நான் அந்த வீட்டைவிட்டுக் கிளம்பியபோது, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு நீல விளிம்புத் தட்டை எடுத்து, மஞ்சள் சோறு வைத்து மூடிக் கொடுத்தார். திருப்பித் தர வேண்டாம் என்றார்.

நேற்று அந்த ரஷ்யக் கிழவியின் கடைக்குள் போனேன். தேன் கேக் ஒன்று கேட்டேன். அவள் கேக்கை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். “கண்ணாடியில் எழுதியிருப்பதை வாசித்தீர்களா?” என்றாள். வாசித்தேன் என்றேன். அதன்பிறகுதான் கேக்கை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்களோ, அந்தத் தாள் யார் தலையில் விடியுமோ, நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து நீல விளிம்புத் தட்டை இறக்கி, கேக்கை அதில் வைத்து வெட்டினேன். அவளை அந்தத் தாளை எழுத வைத்தவர்களை எனக்குத் தெரியும். நல்லவர்கள்தான். இன்னும் நாலு வருஷம் போகட்டும், பயணச்சீட்டு எடுத்துக்கொண்டு மாஸ்கோவைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள். திரும்பி வந்து அந்தக் கடைக்கே போய், உங்கள் ஆட்கள் எவ்வளவு அன்பானவர்கள் என்று சொல்வார்கள்.